வேலை, பணி, தொழில், உழைப்பு, கூலி: எந்த இடத்தில் எந்தச் சொல்? மொரிஷியஸ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரிஷியஸில் பெரியவர்களுக்கான தமிழ் மாலை வகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டில், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரெயோல் மொழி பேசுபவர்கள். தொடக்கப்பள்ளியில் தமிழ் எழுத்தைக் கற்று, பிறகு கைவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர வந்தவர்கள். வேலையைக் குறிக்கும் சொற்களைப் பற்றி அவர்கள் கேட்காத ஆண்டே இல்லை. வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லி வந்த விடைகளை, ஒரே இடத்தில் படித்துக்கொள்ள உதவும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

கிரெயோலில் ஒரு சொல் போதுமாக இருக்க, தமிழில் ஏன் இத்தனை சொற்கள்?

"மோ பே அல் த்ராவாய்" (வேலைக்குப் போகிறேன்) என்று வங்கி மேலாளரும் சொல்லலாம், கரும்பு வெட்டுபவரும் சொல்லலாம். போகும் இடம், அங்கே செய்யும் செயல், அதற்குச் செலவாகும் உடல் வலிமை ஆகிய மூன்றையும் "த்ராவாய்" என்ற ஒரு சொல்லே தாங்கிக்கொள்கிறது. தமிழில் சொல்லைத் தேர்ந்தெடுத்த உடனேயே, செய்பவருக்கும் செய்யச் சொல்பவருக்கும் இடையே உள்ள உறவு என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பணி என்றால் மேலே ஒருவரோ ஒரு நிறுவனமோ இருக்கிறது; தொழில் என்றால் கையில் ஒரு தேர்ச்சியோ முதலோ இருக்கிறது; உழைப்பு என்றால் உடலோ மூளையோ தேய்கிறது; தொண்டு என்றால் கைம்மாறு எதிர்பார்க்கப்படவில்லை; கூலி என்றால் செய்த அளவுக்குக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. அகராதியைத் திறந்தால் இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே பொருள்தான் கிடைக்கும். எனவே, ஒரு சொல்லை எழுதுவதற்கு முன் "யார், யாருக்காக, எதற்காகச் செய்கிறார்?" என்று கேட்டுப் பார்க்குமாறு மாணவர்களிடம் சொல்கிறேன்.

ஐயம் வரும்போதெல்லாம் "வேலை" என்று எழுதிவிடலாமா?

பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். இச்சொற்களில் மிகவும் பரந்தது அதுவே. "எனக்கு வேலை கிடைத்துவிட்டது" என்றால் பதவி. "இன்று மூன்று வேலை இருக்கிறது" என்றால் முடிக்க வேண்டியவை. "இந்தச் சேலையில் ஜரிகை வேலை அழகாக இருக்கிறது" என்றால் கைத்திறன். கடைசிப் பொருளிலிருந்துதான் வேலைப்பாடு என்ற சொல்லும் வந்தது. எண்ணிக்கையோடு சேர்வது இதன் தனிக்குணம். "மூன்று வேலை" என்று சொல்கிறோம். "மூன்று உழைப்பு" என்று யாரும் சொல்வதில்லை.

பழைய இலக்கியம் படிக்கப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வேலை என்றால் பெரும்பாலும் கடல், அல்லது கடற்கரை. கம்பராமாயணத்தில் வேலை என்று வரும் இடங்களில் இன்றைய பொருளை வைத்துப் படித்தால் பாட்டே புரியாமல் போகும்.

வழக்கில் இச்சொல் வேறு பல திசைகளிலும் ஓடியிருக்கிறது. "உன் வேலையைப் பார்" என்பது கண்டிப்பு. "அவன் வேலையைக் காட்டிவிட்டான்" என்றால், ஏதோ சூழ்ச்சி செய்துவிட்டான் என்று பொருள். திறமையைக் காட்டினான் என்று பாராட்டுவதாக நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்.

"வேலை செய்கிறேன்" என்பதற்கும் "வேலை பார்க்கிறேன்" என்பதற்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. "வங்கியில் வேலை பார்க்கிறேன்" என்பது உங்கள் நிலையைச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் உட்கார்ந்திருக்கும்போதும் அது உண்மை. "வேலை செய்கிறேன்" என்பது அந்த நேரத்துச் செயலைக் காட்டவும் பயன்படும்: "தொந்தரவு செய்யாதே, வேலை செய்துகொண்டிருக்கிறேன்." நிலையைச் சொல்லவும் பலர் "செய்கிறேன்" என்றே சொல்கிறார்கள், அது பிழை இல்லை. ஆயினும் பேச்சுத் தமிழின் இயல்பான போக்கு "பார்க்கிறேன்" என்பதே.

இதனோடு "வேலை வாங்குதல்" என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். "அவர் நன்றாக வேலை வாங்குவார்" என்றால், தம் கீழ் உள்ளவர்களைச் செய்யவைப்பதில் வல்லவர் என்று பொருள். "அவர் எனக்கு வேலை வாங்கித் தந்தார்" என்றால், பரிந்துரைத்துப் பதவி பெற்றுத் தந்தார் என்று பொருள். "தந்தார்" என்ற ஒரு துணைவினை சேர்ந்தவுடன் அதட்டுபவர் உதவுபவராகிவிடுகிறார். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் முதல் பொருளில் வேலை வாங்கியவரைக் கங்காணி என்றார்கள். இந்தத் தீவில் அவர் சர்தார்.

"பணி" என்பது "வேலை" என்பதன் மரியாதையான வடிவமா?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். முழு உண்மை அதைவிடச் சுவையானது. பணிதல் என்றால் வணங்குதல், தாழ்தல். பணித்தல் என்றால் கட்டளையிடுதல். ஒருவர் பணிக்கிறார், மற்றவர் பணிகிறார். இருவருக்கும் நடுவே நிற்பது பணி. ஆகவே, மேலிருந்து ஒப்படைக்கப்பட்டது என்ற சாயல் இச்சொல்லில் எப்போதும் உண்டு. மேலிருப்பது இறைவனாக இருந்தால் அந்தத் தாழ்வே பெருமையாகிறது. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று திருநாவுக்கரசர் பாடியதில் "வேலை" என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். பொருள் ஏறக்குறைய நிற்கும், வணக்கம் போய்விடும்.

இக்காலத்தில் இறைவனின் இடத்தில் நிறுவனம் அமர்ந்திருக்கிறது. பணி நியமனம், பணி மூப்பு, பணியிட மாற்றம், பணி ஓய்வு, பணிக்கொடை, பணிநீக்கம் என்று அலுவலகத் தமிழ் முழுவதும் இச்சொல்தான். இதற்கு எதிர்ப்பக்கத்தில் வேலைவாய்ப்பு, வேலையின்மை, வேலைநிறுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். நிருவாகம் தன் ஏட்டில் எழுதுபவை பெரும்பாலும் பணி என்று தொடங்குகின்றன. வேலை தேடுபவரும் வேலையை நிறுத்துபவரும் பேசும் சொற்கள் வேலை என்றே தொடங்குகின்றன. விதிவிலக்குகள் உண்டு, வேலைநீக்கம் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் மாணவர்களுக்கு இந்தக் குறிப்பு மிகவும் உதவியிருக்கிறது.

வீட்டில் பேசும்போது "நான் பணிபுரிகிறேன்" என்று சொல்லலாமா?

வேண்டாம். அது மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது. தாயிடமோ தம்பியிடமோ அப்படிச் சொன்னால் செய்தி வாசிப்பது போலிருக்கும்.

தொழில் என்பது வியாபாரமா, கைத்திறனா, பதவியா?

முதல் இரண்டும் ஆகும், மூன்றாவது ஆகாது. "தச்சுத் தொழில் தெரியும்" என்றால் கற்றுக்கொண்ட திறன். "தொழில் தொடங்கியிருக்கிறார்" என்றால் சொந்த முதல் போட்ட வியாபாரம் அல்லது ஆலை. எங்கள் வகுப்பில் ஒருவரின் தந்தை நாற்காலி, அலமாரி செய்வதில் தேர்ந்தவர். கடற்கரை விடுதி ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். அவரைப் பற்றி மகன் எழுதிய சரியான வாக்கியம் இது: "அப்பாவுக்குத் தச்சுத் தொழில் தெரியும், இப்போது விடுதியில் வேலை பார்க்கிறார்." இரு சொற்களையும் இடம் மாற்றினால் இரண்டுமே கெடும். விடுதி போனாலும் தொழில் அவருடன் இருக்கும். வேலை அவருடன் வராது.

இந்த வேறுபாட்டை இத்தீவின் வரலாறும் நன்றாகக் காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டில் இது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது, குறிப்பாக 1735ஆம் ஆண்டு முதல் ஆளுநராக இருந்த லபூர்தொனே காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். போர் லூயி நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கொத்து, தச்சு முதலியவற்றில் தேர்ந்த கைகள் தேவைப்பட்டன. கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. ஆகவே, இந்நாட்டில் தமிழர் முதலில் கால் வைத்தபோது அவர்களோடு வந்தது தொழில். கூலி என்ற சொல் பிறகு வந்து அதன்மேல் படிந்து, முந்தையதை மறைத்துவிட்டது. இதைச் சொல்லும்போது வகுப்பில் சிலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

தொழிலதிபர், தொழிலாளி என்று ஆலையின் இரு முனைகளில் நிற்பவர்களையும் இதே சொல்லால் அழைக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். இலக்கணத்தில் படித்தல், நடத்தல் போன்றவற்றுக்குத் தொழிற்பெயர் என்று பெயர். அங்கே தொழில் என்றால் செயல் என்ற பழைய பொருள் நிற்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஒரு பெண்ணைப் பற்றி, எந்தத் தொழில் என்று குறிப்பிடாமல் "தொழில் செய்கிறாள்" என்று மட்டும் சொன்னால், தமிழ்நாட்டில் அதைத் தவறான பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடும். "சொந்தமாகத் தொழில் நடத்துகிறார்" என்று முழுமையாகச் சொல்லுங்கள்.

உழைப்பு, பாடு, மெனக்கெடுதல் ஆகியவை ஒன்றா?

மூன்றிலும் முயற்சி இருக்கிறது. சொல்பவரின் மனநிலைதான் வேறு. உழைப்பு என்பது பாராட்டு. "உழைத்து முன்னேறினார்" என்று யாரையும் குறைத்துச் சொல்ல முடியாது. உழைப்பு கிடைக்காது, தேடப்படாது. அது கொடுக்கப்படும், வீணாகும், சுரண்டப்படும். பாடு என்பதில் துன்பம் கலந்திருக்கிறது. "பாட்டி மாடாய் உழைத்தார்" என்பதில் வியப்பு உண்டு. "பாட்டி பாடுபட்டு எங்களை வளர்த்தார்" என்பதில் கடன்பட்ட குரல் கேட்கிறது. இரங்கல் உரையில் இரண்டாவது வாக்கியமே சரியாக அமையும்.

இலங்கைத் தமிழர் பேச்சில் உழைப்பு என்பது சம்பாத்தியத்தையும் குறிக்கும். "அவர் நல்லாய் உழைக்கிறார்" என்று யாழ்ப்பாணத்தார் ஒருவர் சொன்னால், கை நிறையப் பணம் ஈட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மெனக்கெடுதல் என்பது "வினைகெடுதல்" திரிந்தது. தன் சொந்த வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று பிறருக்காக நேரம் செலவிடுவது. "எனக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்று கேட்பது தமிழில் நன்றி சொல்லும் மிக இனிய வழிகளில் ஒன்று. பாடப்புத்தகங்களில் இச்சொல்லைக் காண்பது அரிது, எப்படியும் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வினை என்ற சொல்லை எழுதலாமா?

பழந்தமிழில் வேலைக்கு உரிய சிறந்த சொல் அதுவே. தொல்காப்பியம் வினை என்றே இலக்கணம் வகுக்கிறது. திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் உள்ளன. அவற்றுக்கு முன்பே ஆள்வினையுடைமை என்று முயற்சியைப் பற்றி ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. இன்றோ, வினை என்றதும் பெரும்பாலோர் முற்பிறவிப் பயனை நினைக்கிறார்கள். செய்வினை என்றால் இலக்கண வகுப்பில் ஒரு பொருள். ஊரில் யாரோ வைத்த சூனியம் என்று மற்றொரு பொருள். "வங்கியில் வினை செய்கிறேன்" என்று எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

கூலி இழிவான சொல்லா?

இந்தக் கேள்விக்குத்தான் வகுப்பில் அதிக நேரம் செலவாகிறது, செலவாவதும் நியாயமே.

தமிழில் கூலி என்பது மனிதரைக் குறிக்கும் சொல்லே அன்று. செய்த வேலைக்குக் கிடைக்கும் ஈடு அது. "தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்பது 619ஆம் குறள். தெய்வத்தால் முடியாமல் போனாலும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி பயன் தரும் என்று வள்ளுவர் சொல்லும்போது, அந்தப் பயனுக்கு அவர் இட்ட பெயர் கூலி. இதில் இழிவு எங்கே இருக்கிறது? இன்றும் நகைக் கடையில் செய்கூலி, சேதாரம் என்று கணக்கிடுகிறார்கள், சுமைகூலி என்கிறார்கள். செய்பவரைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள், கூலித் தொழிலாளி என்று மற்றொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும்.

அயலவர் வாயில் இச்சொல் தலைகீழானது. ஐரோப்பியர் ஆசியாவிலிருந்து ஏற்றிச் சென்ற ஆட்களையே "கூலி" என்று அழைத்தார்கள். அவர்கள் வழங்கிய சொல் தமிழிலிருந்து போனது என்று ஒரு சாராரும், குஜராத்தின் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இரண்டும் கலந்திருக்கவும் கூடும். எப்படி வந்திருந்தாலும், ஒருவர் பெறும் தொகையின் பெயர் அவருக்கே பெயராகிவிட்டது. போர் லூயித் துறைமுகத்தில் 1849ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடியேற்றக் கிடங்குக்கு நெடுங்காலம் கூலி காட் என்று பெயர். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய கற்படிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. இன்று அதன் பெயர் ஆப்பிரவாசி காட். 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தென்னாப்பிரிக்காவில் இந்தியரைப் பார்த்து அச்சொல்லைச் சொல்வது இன்றும் வசைதான்.

எனவே என் விடை இரண்டு பகுதிகளாக இருக்கும். தமிழ் வாக்கியத்தில் கூலி, தினக்கூலி, கூலி வேலை என்று எழுதத் தயங்க வேண்டாம். அது நம் சொல், சுத்தமான சொல். ஒரு மனிதரைக் "கூலி" என்று மட்டும் எழுதுவதை, தமிழிலும் கூட, செய்யாதீர்கள்.

கூலி, சம்பளம், ஊதியம் ஆகியவற்றில் எதை எப்போது சொல்வது?

நாளுக்கோ, வாரத்துக்கோ, வெட்டிய அளவுக்கோ தந்தால் கூலி. மாதம்தோறும் வந்தால் சம்பளம். எழுத்தில், குறிப்பாகச் சட்டத்திலும் செய்தியிலும், ஊதியம். இந்நாட்டில் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்ததைத் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் என்று எழுதுவது பொருத்தம். ஊதியம் என்பதற்குக் குறளில் ஆதாயம் என்று பொருள். புகழோடு வாழ்வதைத் தவிர உயிருக்கு வேறு ஊதியம் இல்லை என்கிறார் வள்ளுவர்.

நாட்கணக்குக்கும் மாதக்கணக்குக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை நம் முன்னோர் தம் உடம்பால் அறிந்தவர்கள். தொடக்ககால ஒப்பந்தங்களில் ஆண் ஒருவருக்கு மாதம் 5 ரூபாய் என்று எழுதியிருந்தது. கேட்பதற்குச் சம்பளம் போலிருக்கும். ஆனால் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் தொகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. காய்ச்சலில் மூன்று நாள் படுத்தவர் ஆறு நாளை இழந்தார். ஏட்டில் மாதம் என்று இருந்தும், நாளுக்கு நாள் எண்ணி இரட்டிப்பாகக் கழித்த அதற்குக் கூலி என்ற பெயர்தான் பொருந்துகிறது.

வேலைக்காரர், வேலையாள், பணியாளர், ஊழியர், தொழிலாளி: எல்லாம் ஒருவரையே குறிக்குமா?

ஒருவரையே ஐந்து விதமாக நடத்தும் சொற்கள் இவை. மாணவி ஒருவர் தம் தாத்தாவைப் பற்றிப் பேசும்போது "தாத்தா ரயிலில் வேலைக்காரராக இருந்தார்" என்றார். இத்தீவில் 1864ஆம் ஆண்டு தொடங்கி ஒரு நூற்றாண்டுக் காலம் ரயில் ஓடியது. தாத்தா அங்கே தண்டவாளம் பராமரித்தவர். மாணவி சொன்னதைக் கேட்ட தமிழ்நாட்டு விருந்தினருக்கோ, பெட்டியில் ஏறி யாருக்கோ பாத்திரம் கழுவிக் கொடுத்தவர் என்று தோன்றியது. வேலைக்காரர், வேலைக்காரி என்றால் இன்று பெரும்பாலும் வீட்டு வேலை செய்பவர் என்றே பொருள். அதிலும் ஒரு தாழ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வீட்டு வேலைக்கு உதவுபவர்" என்று சொல்வது நல்லது. தாத்தாவுக்கு "ரயில்வே தொழிலாளி" அல்லது "ரயில்வே ஊழியர்" என்பதே சரி.

வியப்பு என்னவென்றால், "கைதேர்ந்த வேலைக்காரர்" என்று அடைமொழி சேர்த்தால் அதே சொல் உயர்ந்த பாராட்டாகிவிடும். கொத்தனாரையும் சிற்பியையும் அப்படிச் சொல்வார்கள். ஊழியர் என்பது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர். தொழிலாளி என்பவர் கையால் அல்லது எந்திரத்தோடு வேலை செய்பவர். சங்கம், உரிமை, மே தினம் என்ற நினைவுகளும் அச்சொல்லோடு வரும். பணியாளர் என்பதில் எந்தச் சாயலும் இல்லை. அலுவலக அறிவிப்புக்கு ஏற்றது. உழைப்பாளி என்பது குணம். படிவத்தில் பதவி என்ற கட்டத்தில் அதை எழுத முடியாது.

கோயிலில் செய்வதை எப்படிச் சொல்வது?

தைப்பூசக் காவடிக்கு முந்தைய இரவில் எங்கள் கோயிலின் பின்கட்டில் பாய் விரித்து, பூசணிக்காயை மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். இருபது முப்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோல் சீவுவார்கள்; மறுநாள் வாழையிலையில் பரிமாறப்போகும் ஏழு கறிக்கு, இங்கே நாம் சேத் காரி என்று சொல்லும் அதற்கு, அது முன்னேற்பாடு. கத்தி பட்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு மீண்டும் சீவ உட்காரும் ஒருவரிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் அது மனத்தில் இடறும். அவர் செய்வது தொண்டு. சேவை என்றும் சொல்லலாம். தொண்டு என்பதில் அடியவர் என்ற பழைய உறவு கூடுதலாக இருக்கிறது, ஏனென்றால் சிவனடியார்களுக்குத் திருத்தொண்டர் என்றே பெயர்.

கோபுரத்தைப் புதுப்பிப்பது திருப்பணி. வளாகத்தில் புல்லைச் செதுக்கித் துப்புரவு செய்வது உழவாரப் பணி. திருநாவுக்கரசர் கையில் இருந்த உழவாரம் என்ற கருவியின் பெயரால் வந்தது அது. மாதச் சம்பளம் பெறும் காவலாளி செய்வது வேலை. அவரும் விழா நாளில் நேரம் கடந்து நின்று பந்தி பரிமாறினால் அது தொண்டு. ஊழியம் என்ற சொல் முன்பு எல்லாவகைச் சேவைக்கும் வழங்கியது. இப்போது தனியாக "ஊழியம் செய்கிறார்" என்றால் கிறித்தவ சமயப் பணி என்றே கொள்ளப்படுகிறது.

"காரியம்" என்றால் வேலைதானே?

வேலை, செயல், விஷயம் எல்லாமும்தான். "நல்ல காரியம் செய்தாய்" என்பது மனமார்ந்த பாராட்டு. ஆயினும் "வீட்டில் காரியம்" என்று அடைமொழி இல்லாமல் சொன்னால், தமிழ்நாட்டில் இறந்தவருக்குச் செய்யும் சடங்கு என்று பொருள். எங்கள் இளைஞர் ஒருவர், சென்னையிலிருந்து வந்திருந்த நண்பருக்கு "நாளை எங்கள் வீட்டில் காரியம், அவசியம் வாருங்கள்" என்று செய்தி அனுப்பினார். குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள் அது. நண்பர் வாசலில் நின்றுகொண்டு, யார் தவறிவிட்டார்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். விசேஷம் என்று எழுதியிருக்க வேண்டும்.

வெட்டி வேலை என்பதில் உள்ள "வெட்டி" என்ன?

இன்று பயனற்றது என்று பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது கூலி கொடுக்காமல் கட்டாயமாக வாங்கப்பட்ட வேலை. ஊதியம் இல்லாதது பிறகு பயன் இல்லாததாக மாறிவிட்டது. "வேலை வெட்டி இல்லாதவன்" என்ற தொடரில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இன்னும் வாழ்கின்றன. அதே கல்வெட்டுகளில் கடமை என்பது நிலவரி. கடன் என்ற சொல்லோடு உறவுடைய அதை இப்போது நாம் மனச்சாட்சிக்குச் செலுத்துகிறோம்.

உத்தியோகம், அலுவல்?

உத்தியோகம் என்பது மேசை, நாற்காலி, மதிப்பு ஆகியவற்றோடு வரும் பதவி. முதியவர்கள் வாயில் பெரும்பாலும் அரசுப் பதவி. இளையவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அலுவல் தனியாக வருவது குறைந்துவிட்டது. அலுவலகம், அலுவலர் என்ற சொற்களில் உயிரோடு இருக்கிறது.

மூதாதையர் இத்தீவுக்கு வந்ததைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

1834ஆம் ஆண்டு முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் ஒப்பந்தத்தில் இங்கே வந்தார்கள். அவர்களின் பதிவேடுகள் மொக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கிருந்து தம் கொள்ளுத்தாத்தாவின் பதிவு நகலைப் பெற்ற மாணவி ஒருவர், அதை வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஓர் எண், பெயர், தந்தை பெயர், கப்பல், தோட்டம், அவ்வளவுதான். குடும்ப மரத்தில் அந்தப் பெயருக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். பென்சிலால் "கூலியாக வந்தவர்" என்று எழுதியிருந்தார்.

வகுப்பில் அன்று வேறு பாடம் நடக்கவில்லை. அச்சொல்லை நீக்க வேண்டும் என்றார் ஒருவர்; மறைப்பது அவருக்குச் செய்யும் துரோகம் என்றார் மற்றொருவர். "ஒப்பந்தத் தொழிலாளர்" என்று எழுதலாம் என்றார்கள் சிலர். வரலாற்றுக் கட்டுரைக்கு நானும் அதையே பரிந்துரைக்கிறேன். அது துல்லியமானது, யாரையும் சிறுமைப்படுத்தாதது. ஆனால் குடும்ப மரத்தில் அது அரசாங்கக் கோப்புபோல் விறைப்பாக நிற்கிறது. மேலும், தொழிலாளி என்ற சொல்லில் இன்று நாம் கேட்கும் சங்கமும் உரிமையும் அவருக்குக் கிடைத்தவை அல்ல. "பணியாற்ற வந்தார்" என்பது அழகுக்காகப் பொய் சொல்வது.

அவரையே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். "பிழைக்க வந்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார். ஊரை விட்டுப் போகிறவர்களுக்குத் தமிழில் நெடுங்காலமாக இருக்கும் சொல் அது. பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல், வாழ வழி காணுதல். தவறுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. கடல் கடந்த பிறகு அந்த இரண்டில் எது நேரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதன்பின் செய்தது உழைப்பு. அதில் யாருக்கும் ஐயம் இல்லை.

கூலி என்ற சொல்லை என்ன செய்வது என்பது மட்டும் மிஞ்சியது. எடுக்க வேண்டாம், வேற்றுமை உருபைப் பாருங்கள் என்றேன். "கூலியாக" என்றால் அவரே கூலி. "கூலிக்கு" என்றால் அவர் மனிதர். கூலி அவர் பெற்றது. மாணவி ரப்பரை எடுத்து "யாக வந்தவர்" என்பதை அழித்தார். தாளில் இப்போது இருப்பது: "பிழைக்க வந்தார், கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தார்."